தட்டச்சுத் தடங்கள்: ஒத்திசைவு மென்பொருளை அளப்பது பற்றிச் சில குறிப்புகள்

ஒரே ஆவணத்தை நாலு பேர் நாலு இடத்திலிருந்து திருத்துகிறார்கள். ஒருவர் அலுவலகக் கணினியில், ஒருவர் பஸ்ஸில் கைபேசியில், ஒருவர் இணையம் வந்து வந்து போகிற ஊரில். யார் எப்போது எதைத் தொட்டாலும் கடைசியில் எல்லார் திரையிலும் ஒரே உரை நிற்க வேண்டும். இதைச் செய்து தரும் மென்பொருளின் வேகத்தைச் சோதிக்கக் கிளம்பினால் முதல் கேள்வி, எதன் வேகம் என்பது. தட்டிய எழுத்து நம் திரையில் விழும் வேகமா? அடுத்தவர் திரைக்குப் போய்ச் சேரும் வேகமா? மூன்று நாள் இணைப்பில்லாமல் எழுதியவர் திரும்பி வந்ததும் அவர் திருத்தங்களைக் கலக்கும் வேகமா? காலையில் ஆவணத்தைத் திறக்கும் வேகமா? இவை நான்கும் தனித்தனிச் சோதனைகள். நான்கையும் கூட்டிப் பெருக்கி ஒரே எண்ணாகத் தரும் பெஞ்ச்மார்க்கை நான் நம்புவதில்லை.

*

சோதனைக்கு உரை எங்கிருந்து வருகிறது?

இந்தத் துறையில் மிக அதிகம் பயன்பட்டிருப்பது ஒரே ஒரு கட்டுரையின் தட்டச்சு வரலாறு. மார்ட்டின் கிளெப்மன், அலஸ்டேர் பெரெஸ்ஃபோர்டு இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அது. ஜேசன் வடிவத் தரவைப் பல பிரதிகளில் மோதலின்றி வைத்திருப்பது பற்றியது. அதை எழுதும்போது நடந்த ஒவ்வொரு எழுத்துச் சேர்ப்பும் அழிப்பும் வரிசையாகப் பதிவாகி, ஆட்டோமெர்ஜ் என்ற ஒத்திசைவு மென்பொருள் திட்டத்தின் வழியே எல்லாருக்கும் கிடைக்கிறது. சேர்த்தவை 1,82,315. அழித்தவை 77,463. மொத்தம் 2,59,778 திருத்தங்கள். எஞ்சிய உரை 1,04,852 எழுத்துகள்.

தட்டியதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அழிந்திருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்து சோதனைத் தரவைக் கற்பனையாக உருவாக்குகிற நிரலாளர் அழிப்பை இந்த அளவுக்கு வைக்க மாட்டார். அவர் மனத்தில் எழுதுவது என்றால் சேர்ப்பதுதான். அதனால்தான் இப்படிப்பட்ட பதிவை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன். நிஜமான கைகள் நிஜமான உரையில் என்ன செய்தன என்பதை அது காட்டுகிறது.

*

சீரற்ற முறையில் எழுத்துகளை அங்கங்கே தெளிக்கிற சோதனை ஏன் ஏமாற்றுகிறது?

மனிதர்கள் தொடர்ச்சியாகத் தட்டுகிறார்கள். ஒரு சொல், ஒரு வாக்கியம், அங்கேயே இரண்டு அழிப்பு, மறுபடி தொடர்ச்சி. கர்சர் அடிக்கடி குதிப்பதில்லை. கெவின் யான்ஸ் உருவாக்கிய ஒய்ஜேஎஸ் என்ற ஒத்திசைவு மென்பொருள் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது: ஒருவர் தொடர்ந்து தட்டிய எழுத்துகளை ஒரே துண்டாகச் சேர்த்து வைக்கிறது. மேலே சொன்ன கட்டுரையின் 1,82,315 சேர்ப்புகள் இப்படித் துண்டுகளாகும்போது எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே மென்பொருளுக்குத் சீரற்ற இடங்களில் ஒற்றை எழுத்துகளைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித் துண்டு. நினைவகம் உப்பும், தேடல் மெதுவாகும். அந்த எண்ணைப் பார்த்து, இது பெரிய ஆவணத்தைத் தாங்காது என்று எழுதிவிடலாம். ஆனால் அப்படித் தட்டப்பட்ட ஆவணம் உலகத்தில் எங்கும் இருக்காது.

அப்படிப்பட்ட சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. யான்ஸின் பெஞ்ச்மார்க் தொகுப்பிலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. முதல் பகுதியில் ஒருவர் மட்டும் திருத்துகிறார்: கடைசியில் சேர்த்துக்கொண்டே போவது, முன்னால் சேர்த்துக்கொண்டே போவது, சீரற்ற இடங்களில் சேர்ப்பது. இரண்டாம் பகுதியில் இருவர் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். மூன்றாவதில் ஏராளமானோர். நான்காவதில்தான் மேற்சொன்ன நிஜக் கட்டுரை. ஒவ்வொன்றிலும் நேரம், அனுப்பும் செய்தியின் சராசரி அளவு, சேமித்த ஆவணத்தின் அளவு, நினைவகம், திரும்பத் திறக்க ஆகும் நேரம் ஆகியவை தனித்தனியாகத் தரப்படுகின்றன. முதல் மூன்றும் மென்பொருளின் பலவீனமான மூலைகளைத் தேட. நான்காவது, அந்த மூலைகளுக்கு யாராவது நிஜமாகவே போகிறார்களா என்று பார்க்க. இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது.

*

ஒட்டுதல் கதை.

ஜோசப் ஜென்டில் என்ற நிரலாளர் கூகுள் வேவ் என்ற கூட்டு எழுத்துச் சேவையில் வேலை செய்தவர். பிரான்ஸ் ஆய்வாளர்கள் சிலர் கூட்டுத் திருத்த வழிமுறைகள் பலவற்றை நிரலாக்கி, அளந்து, கட்டுரை போட்டார்கள். அதில் வேவ் பயன்படுத்திய வழிமுறைக்கு ஒரு சாதாரண ஒட்டுதலைச் செரிக்க மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது என்று வந்தது. வேவில் அப்படி நடந்ததே இல்லை என்று ஜென்டிலுக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தார். ஆயிரம் எழுத்தை ஒட்டினால் ஆய்வாளர்களின் நிரல் அதை ஒரே செயலாக அனுப்பாமல் ஆயிரம் தனிச் செயல்களாகப் பிரித்திருந்தது. ஒவ்வொன்றும் தனியாக உருமாற வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் போகும்.

அளக்கப்பட்டது ஒரு நிரல். எழுதப்பட்டதோ ஒரு வழிமுறை பற்றிய தீர்ப்பு. பெஞ்ச்மார்க் முடிவைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது இந்த இடைவெளியைத்தான். சோதனையை வடிவமைக்கிறவருக்கு இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்று கிடைக்கிறது: ஒட்டுதல், வெட்டுதல், தேடி மாற்றுதல், செயல்நீக்கம் ஆகியவற்றைத் தனித் தனிச் சோதனையாக வையுங்கள். ஒரே விசையில் ஐயாயிரம் எழுத்து நகர்கிற செயல்கள் இவை. இவற்றைச் சராசரிக்குள் போட்டால் கண்ணுக்கே தெரியாது.

*

எதையும் செய்யாத மென்பொருளையும் அளக்க வேண்டும். கடைக்காரர் வெறும் தராசு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சரக்கை வைப்பார். ஜென்டில் 2021இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இதைச் செய்தார். அதே 2,59,778 திருத்தங்களை, ஒத்திசைவு எதுவுமில்லாமல், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் வெட்டி ஒட்டினால் 0.61 வினாடி. ஒய்ஜேஎஸ் 0.97 வினாடி. அன்றைய ஆட்டோமெர்ஜ் 291 வினாடி, 880 மெகாபைட் நினைவகம். ரஸ்ட் மொழியில் அவர் எழுதிய டைமண்ட் டைப்ஸ் 0.056 வினாடி. அதாவது வெறும் சரத்தைவிடவும் வேகம். ஒப்பிட ஓர் அடிப்படை அளவை வைத்திருந்ததால்தான் இந்த வியப்பு வெளியே தெரிந்தது. சரத்தை ஒவ்வொரு முறையும் வெட்டி ஒட்டுவதே வீண்வேலை என்ற எண்ணம் அங்கிருந்து பிறக்கிறது.

ஆட்டோமெர்ஜின் அந்த எண்ணை இன்று எடுத்துச் சொல்லக் கூடாது. அதன் உட்கரு ரஸ்ட்டில் புதிதாக எழுதப்பட்டு 2023 ஜனவரியில் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. எண்ணோடு பதிப்பு எண், தேதி, கணினி வகை, சோதனை நிரலின் முகவரி ஆகியவை ஒட்டியே பயணிக்க வேண்டும். பிரிந்துவிட்டால் அந்த எண் வதந்தி.

*

வினாடிக்கு ஐந்து எழுத்து வீதம் ஒருவர் ஓயாமல் தட்டினால் 2,59,778 திருத்தங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஒரு மென்பொருள் ஒரு வினாடியிலும் இன்னொன்று அரை வினாடியிலும் முடித்தால் தட்டச்சு செய்பவருக்கு என்ன வேறுபாடு? தட்டும்போது ஒன்றுமில்லை. 0.1 வினாடிக்குள் திரை பதில் சொன்னால் உடனடி என்றே மனிதருக்குத் தோன்றும், ஒரு வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது என்று யாக்கோப் நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்னது இன்றும் அளவுகோலாக இருக்கிறது.

வேறுபாடு தெரிவது ஆவணத்தைத் திறக்கும்போது. வரலாற்றை முழுக்க வைத்திருக்கும் மென்பொருள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரலாற்றை ஏதோ ஒரு வகையில் மீட்டெடுக்கிறது. மூன்று வருடம் பலர் திருத்திய ஆவணம் மலிவான கைபேசியில் எத்தனை வினாடியில் திறக்கிறது என்பதை நான் எல்லா எண்ணுக்கும் மேலே வைப்பேன். அடுத்து, சேமிப்பு அளவு. நிஜக் கட்டுரையை ஒய்ஜேஎஸ் சேமிக்கும்போது ஏறத்தாழ 1.6 லட்சம் பைட் ஆகிறது. உரை மட்டும் ஒரு லட்சத்துச் சொச்சம். அழிந்த எழுத்துகள் இருந்த இடங்களின் தடயத்தையும் வைத்துக்கொண்டு இந்த அளவில் நிற்பது நல்ல வேலைப்பாடு.

*

கோப்பு ஒத்திசைவின் பக்கம் கொஞ்சம்.

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இல் ஆர்சிங்க் வழிமுறையை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக அறிக்கையில் விவரித்தபோது எடுத்துக்கொண்ட சோதனைத் தரவு லினக்ஸ் கர்னலின் 1.99.10, 2.0.0 ஆகிய இரு பதிப்புகளின் மூல நிரல். தலைக்கு 24 மெகாபைட். 2,441 கோப்புகளில் 291 மாறியிருந்தன, 19 நீங்கியிருந்தன, 25 புதியவை. இந்த எண்களை அவர்கள் முதலில் கொடுத்துவிட்டுத்தான் வேகத்தைச் சொல்கிறார்கள். எவ்வளவு மாறியது என்று தெரியாமல் எவ்வளவு அனுப்பியது என்பதற்குப் பொருள் கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்தைய இந்த ஒழுக்கம் இன்றைய விளம்பர அட்டவணைகள் பலவற்றில் இல்லை.

2013இல் இதிலியோ டிராகோவும் சகாக்களும் டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஸ்கைடிரைவ், வுவாலா, அமேசான் கிளவுட் டிரைவ் ஐந்தையும் வெளியே இருந்து அளந்தார்கள். மூல நிரல் கையில் இல்லை. கம்பியில் போகும் பாக்கெட்டுகளை மட்டும் பார்த்துக் கணித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் அழகானவை. பெரிய கோப்பைத் துண்டாக்குகிறதா? சின்னக் கோப்புகளைக் கட்டாகக் கட்டி அனுப்புகிறதா? மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறதா? ஏற்கெனவே சர்வரில் உள்ளதை மறுபடி அனுப்புகிறதா? ஒரு மெகாபைட்டை ஒரே கோப்பாகவும், பத்து கிலோபைட் கோப்புகள் நூறாகவும் வைத்து அனுப்பிப் பார்த்தார்கள். மொத்த அளவு ஒன்றே. நேரம் வெகுவாக மாறியது. கோப்புக்கு ஒரு புதிய இணைப்பு திறக்கிற சேவை நூறு கோப்பில் திணறியது.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. சுருக்கல் நடக்கிறதா என்று அறிய மூன்று வகைக் கோப்பு தயாரித்தார்கள்: எளிதில் சுருங்கும் உரை, சுருங்கவே சுருங்காத சீரற்ற பைட்டுகள், வெளியே ஜேபெக் படம் போல வேடமிட்டு உள்ளே வெறும் உரையாக இருக்கும் கோப்பு. டிராப்பாக்ஸ் எல்லாவற்றையும் சுருக்கியது. கூகுள் டிரைவ் போலிப் படத்தை நிஜப் படம் என்று எடுத்துக்கொண்டு சுருக்காமல் விட்டது. உள்ளே என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதை வெளியே நின்றபடியே கேட்டு வாங்கிய சோதனை இது.

*

எப்போது முடிந்தது?

வேகத்தை அளக்கத் தொடக்கமும் முடிவும் வேண்டும். பச்சை டிக் விழுந்தது முடிவா? சர்வர் பெற்றுக்கொண்டது முடிவா? மூன்றாவது ஆளின் வட்டில் எழுதப்பட்டது முடிவா? வட்டில் எழுதியாயிற்று என்று இயங்குதளம் சொல்வதும் மின்சாரம் போனாலும் நிற்கும் என்பதும் வேறு வேறு. ஒரு மென்பொருள் வட்டுக்குப் போகும் வரை காத்திருக்கிறது, இன்னொன்று காத்திருக்காமல் சரி என்கிறது என்றால் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

டிராப்பாக்ஸ் தன் ஒத்திசைவுக் கருவை ரஸ்ட்டில் மறுபடி எழுதியபோது முடிவுக்குத் தெளிவான வரையறை கிடைத்தது. மூன்று கோப்பு மரங்களை வைத்துக்கொள்கிறார்கள்: சர்வரில் இருப்பது, இந்தக் கணினியில் இருப்பது, கடைசியாக இரண்டும் ஒத்துப்போனது. மூன்றும் ஒன்றானால் வேலை முடிந்தது. அளப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒத்திசைவு மென்பொருள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: முடிந்துவிட்டதா என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லும் ஒரு வழியை வெளியே திறந்து வையுங்கள்.

*

இரண்டு கணினிகளின் கடிகாரங்களை நம்பி நேரத்தைக் கழிக்காதீர்கள். நேர சர்வரோடு ஒத்திசைத்திருந்தாலும் சில மில்லிவினாடி விலகல் இருக்கும். அளக்க வந்ததே அந்த அளவுதான் என்றால் விலகலைத்தான் அளந்திருப்போம். முதல் கணினியிலிருந்து போய், இரண்டாவதில் பட்டு, முதலுக்கே திரும்பி வரும் மொத்த நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளப்பது நல்லது. இல்லையென்றால் இரண்டு பயனரையும் ஒரே கணினியில் ஓட்டி, நடுவில் லினக்ஸின் நெட்எம் கருவி கொண்டு தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் நாமே சேர்க்கலாம். அலுவலக வைஃபையில் மட்டும் ஓட்டிய சோதனை, ரயில் பயணத்தில் எழுதுகிறவரைப் பற்றி எதையும் சொல்லாது. இணைப்பு அறுந்து அறுந்து வருவதும், நெடுநேரம் அறுந்தே கிடப்பதும் தனித்தனிக் காட்சிகள்.

*

காத்திருந்து அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கில் டீன் என்ற நிரலாளர் அதைப் பல ஆண்டுகளாக விளக்கி வருகிறார். சோதனை நிரல் ஒரு திருத்தத்தை அனுப்புகிறது, பதில் வரும் வரை காத்திருக்கிறது, பிறகுதான் அடுத்ததை அனுப்புகிறது. 10 மில்லிவினாடிக்கு ஒரு திருத்தம், மொத்தம் 60 வினாடி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 6 வினாடி மென்பொருள் உறைந்துபோகிறது. சோதனை நிரலும் சேர்ந்து உறைகிறது. முடிவில் கையில் இருப்பவை: ஒரு மில்லிவினாடி அளவில் 5,400 நல்ல எண்கள், 6 வினாடி என்று ஒரே ஒரு கெட்ட எண். 99ஆம் சதமானம், ஏன் 99.9ஆம் சதமானம்கூட ஒரு மில்லிவினாடி என்று அறிக்கை வரும்.

நிஜத்தில் மனிதர்கள் தட்டுவதை நிறுத்தவில்லை. அந்த 6 வினாடியில் 600 திருத்தங்கள் வந்து நின்றிருக்கும். முதலில் வந்தது 6 வினாடி காத்திருந்தது, கடைசியில் வந்தது கொஞ்சமாக. 6,000 திருத்தங்களில் 600 பாதிக்கப்பட்டன. சரியாகக் கணக்கிட்டால் 99ஆம் சதமானம் ஏறத்தாழ 5.4 வினாடி. மென்பொருளும் அன்று நடந்ததும் ஒன்றே. ஒரு அறிக்கை ஒரு மில்லிவினாடி என்கிறது, இன்னொன்று ஐந்து வினாடிக்கு மேல் என்கிறது. எனவே திருத்தங்கள் அட்டவணைப்படி வந்துகொண்டே இருக்க வேண்டும். தாமதத்தை அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். பதிவான தட்டச்சுத் தடத்தில் நேர முத்திரையும் இருந்தால் இதை அப்படியே நடத்திக் காட்டலாம்.

*

தவறான உரையை வேகமாகத் தருவது எளிது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் எல்லாப் பிரதிகளும் பைட் பைட்டாக ஒன்றா என்று பார்த்துவிட்டே நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் அந்த ஓட்டத்துக்கு எண்ணே கிடையாது.

ஜான் ஹியூஸ், பெஞ்சமின் பியர்ஸ் முதலானோர் 2016இல் டிராப்பாக்ஸைச் சீரற்ற செயல் வரிசைகளால் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். பியர்ஸ் யூனிசன் என்ற ஒத்திசைவு மென்பொருளை உருவாக்கியவர். பின்னணியில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் எப்போது நடந்தன என்பது வெளியே தெரியாது. அதனால் பார்த்த விளைவுகளை விளக்கக்கூடிய ஏதாவது ஒரு வரிசை இருக்கிறதா என்று தேடினார்கள். விளக்கவே முடியாத விளைவுகளும் கிடைத்தன. டிராப்பாக்ஸ் பின்னர் தன் புதிய கருவுக்கு ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதே குழப்பம் அதே வரிசையில் திரும்ப நடக்கும்படி சோதனைக் கருவிகள் அமைத்தது. வேகச் சோதனைக்கும் அதே விதை எண் பழக்கம் வேண்டும். திரும்ப ஓட்ட முடியாத மந்தத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.

பிரதிகள் ஒன்றானால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம். இருவர் இணைப்பில்லாமல் ஒரே இடத்தில் ஆளுக்கொரு வாக்கியம் எழுதுகிறார்கள். சில வழிமுறைகளில் கலந்தபின் இரண்டு வாக்கியமும் எழுத்துக்கு எழுத்து பின்னிப் போகலாம். எல்லாத் திரையிலும் ஒரே உரைதான். யாராலும் படிக்க முடியாத உரை. கிளெப்மனும் சகாக்களும் 2019இல் இதைக் குறிப்பிட்டு எழுதினார்கள். ஆங்கிலத்தில் இது குழப்பமான எழுத்துக்கூட்டு. தமிழில் மெய்யிலிருந்து புள்ளி பிரிந்து அடுத்தவர் எழுத்தின் மேல் போய் உட்காரும், உயிர்க்குறி தனியாக வட்டத்தோடு நிற்கும்.

*

இங்கிருந்து தமிழுக்கு வருகிறேன். மேலே சொன்ன நிஜத் தடம் ஆங்கிலத்தில் லாடெக் குறிகளோடு எழுதிய கட்டுரை. அதன் எண்கள் தமிழ் ஆவணத்துக்கு அப்படியே பொருந்தாது.

‘கொடுத்தான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறிகள். யூடிஎஃப்-8இல் முப்பது பைட். ஆங்கிலத்தில் பத்து எழுத்துச் சொல் பத்து பைட்தான். அனுப்பும் செய்தி, சேமிக்கும் கோப்பு எல்லாம் அந்த விகிதத்தில் மாறும். நினைவகத்திலும் அப்படியே: குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் லத்தீன் எழுத்து மட்டும் உள்ள சரத்தை எழுத்துக்கு ஒரு பைட்டாக வைக்கிறது, தமிழ் எழுத்து வந்தால் இரண்டு பைட் வேண்டும். ஆங்கில உரைக்காகச் செய்த குறுக்கு வழிகள் பல இங்கே மூடிவிடும்.

தட்டும் விதம் இன்னும் முக்கியம். தமிழ்99 விசைப்பலகையில் ‘க’ தட்டி ஒகரம் தட்டினால் இரண்டு சேர்ப்பு. ஒலிபெயர்ப்பு முறையில் ‘க்’ விழுகிறது, அடுத்த விசையில் புள்ளி அழிந்து ஒகரக் குறி வருகிறது. இரண்டு விசைக்கு மூன்று சேர்ப்பு, ஒரு அழிப்பு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் அழிப்பு என்றால், ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அழிந்த புள்ளிகள் நூற்றுக்கணக்கில் சேரும். கைபேசி விசைப்பலகை சில நேரம் எழுதிக்கொண்டிருக்கும் முழுச் சொல்லையே எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறது. தொடர்ச்சியாகத் தட்டுவதை ஒரே துண்டாக்கிச் சேமிக்கும் உத்தி இந்த அழிப்புகளுக்கு நடுவில் எவ்வளவு தாங்கும்? அதை ஆங்கிலத் தடம் சொல்லாது.

கோப்புப் பெயரும் உண்டு. ‘கொள்முதல்’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் வைத்தது. லினக்ஸ் பைட்டுகளை மட்டும் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஒத்திசைக்கும் மென்பொருள் கவனிக்காவிட்டால் ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரியும். ஒன்றை அழித்தால் இன்னொன்று திரும்ப வரும். பதிப்பு மேலாண்மை மென்பொருளான கிட் 2012இலேயே இதற்கெனத் தனி அமைப்பைச் சேர்த்தது. லினக்ஸின் வழக்கமான கோப்புமுறையில் பெயரின் உச்ச வரம்பு 255 பைட். தமிழில் 85 குறிகளோடு முடிந்துவிடும். நீளமான தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொ, கோ, கௌ வரும் பெயர்களும் வரம்பைத் தொடும் பெயர்களும் சோதனைத் தொகுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

*

ஒருவர் மட்டும் எழுதிய தடத்தில் மோதல் இல்லை. அந்தக் குறையை ஜென்டிலும் கிளெப்மனும் எக்வாக்கர் என்ற வழிமுறை பற்றி 2025இல் வெளியிட்ட கட்டுரை நிரப்பப் பார்க்கிறது. இருவர் ஒரே நேரத்தில் எழுதும்போது நடுவில் செயற்கையாகத் தாமதம் சேர்த்துப் பதிந்த தடங்கள் உண்டு. கிட் வரலாற்றிலிருந்து மீட்ட தடங்களும் உண்டு: நோட் திட்டத்தின் ஒரு மூல நிரல் கோப்பு, கிட் திட்டத்தின் மேக்ஃபைல். இந்த மேக்ஃபைலில் ஏராளமான கிளைகள் நெடுநாள் பிரிந்து கிடந்து கலந்திருக்கின்றன. வேவ் பயன்படுத்தியது போன்ற பழைய உருமாற்ற வழிமுறைக்கு அதைக் கலக்க ஒரு மணி நேரம் ஆனது. எக்வாக்கருக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. பழைய வழிமுறை ஒரு கிளையின் ஒவ்வொரு திருத்தத்தையும் மறு கிளையின் ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்ப்பதால் வேலை இருபடியாகப் பெருகுகிறது. நேரலைத் தட்டச்சை மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பள்ளம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

*

ஆக, தமிழ்த் தடம் வேண்டும். நான் பதிய விரும்புகிறவர்கள்: மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர், ஏனென்றால் அவர் ஆவணம் முழுக்க அங்கங்கே ஒற்று மட்டும் சேர்த்துக்கொண்டு போகிறவர், ஒரு எழுத்துக்காக இருபது இடம் தாவுகிற இந்த வேலை தொடர்ச்சித் தட்டச்சுக்கு நேர் எதிர். ஒரு மொழிபெயர்ப்பாளர். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இருவர், ஒரே ஆவணத்தில். கைபேசியில் மட்டுமே எழுதுகிற ஒருவர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரம், இடம், அழித்த அளவு, சேர்த்த உரை ஆகியவற்றோடு, எந்த விசைப்பலகை, சொல் எப்போது உறுதியானது என்பதும் பதிவாக வேண்டும். இடத்தை யூனிகோட் குறிகளால் எண்ணுவது நல்லது. பைட்டாகவும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவும் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தடத்தை வெளியிடுவதில் ஒரு சிக்கலைக் கவனமாகக் கையாள வேண்டும். முடிந்த உரையை யாருக்கும் காட்டச் சம்மதிப்பவர், அழித்ததைக் காட்டச் சம்மதித்தார் என்று ஆகாது. கோபத்தில் எழுதி எடுத்த வரி, தவறி ஒட்டிய தொலைபேசி எண், பெயரைச் சொல்லிப் பின் மறைத்த ஆள் எல்லாம் தடத்தில் இருக்கும். அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், பதிவு முடிந்து முழுத் தடத்தையும் அவரே ஓட்டிப் பார்த்த பிறகு. தர விரும்பாத பகுதிக்கு, மெய்க்கு மெய்யும் உயிர்க்குறிக்கு உயிர்க்குறியுமாக எழுத்துகளை மாற்றி வைக்கலாம்: பைட் அளவு மாறாது, புள்ளியும் குறியும் விழும் இடம் மாறாது, மோதலும் அப்படியே இருக்கும். சுருக்கல் அளவு மட்டும் கெடும். அதனால் சேமிப்பு அளவையும் அனுப்பும் அளவையும் சோதிக்க, மாற்றாத உரை கொண்ட தடம் ஒன்றாவது தொகுப்பில் இருக்க வேண்டும்; எது மாற்றியது, எது மாற்றாதது என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.